ஆஷா எப்படித் தூங்குகிறாள்

தனலக்ஷ்மியின் மகள் ஆஷா போட்ட இடத்தில் தூங்குகிற குழந்தை. ஆட்டோவில் ஏறினால் தூங்குவாள். கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். சில நாள் வாயில் வைத்த சோற்றை விழுங்காமலே தூங்கிப்போவாள். சந்தாபுராவில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே இருந்தவளுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். "எங்க வீட்ல ஒண்ணு இருக்குதே, பேய் மாதிரி முழிச்சிகினு. நீ கொடுத்து வச்சவ தனா" என்பாள்.

தூங்கினால் குறட்டை. ஐந்து வயதுக் குழந்தையிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள். தனாவின் கணவன் குணசேகர் பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். "எங்க பட்டறை கம்ப்ரசர் தோத்துச்சு" என்று சொல்லி விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பான். குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறது என்று அர்த்தம், இது அவன் கட்சி. அவன் வீட்டிலும் எல்லாருக்கும் அதே கட்சிதான்.

தனாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில். அப்பா முனியப்பன் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே அவர் நெஞ்சை மூடிவிட்டது அதன் தூசி. ஒற்றை அறை வீட்டில் அவருடைய மூச்சே தனியாக ஓர் ஆள்போல இருக்கும். பாடம் படிக்கும்போதும் சாப்பிடும்போதும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். சில சமயம் பாதியில் நிற்கும். அடுத்தது வருகிறவரை சின்னப் பெண் தனாவும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அடுத்தது வரவில்லை.

ஆஷாவின் குறட்டையும் நடுவில் நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், வயிறு உள்ளே இழுக்கும், ஆனால் சத்தம் இருக்காது. பிறகு ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. தனா எழுந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணையை அணைகொடுப்பாள். கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். இவள் கண்ணயர்ந்ததும் குழந்தை மல்லாந்துவிடும்.

தனா நகரப் பேருந்தில் கண்டக்டர். பெரும்பாலும் முதல் ஷிஃப்ட். பால் வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன்பே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவாள். அத்திபெலேவிலிருந்து கிளம்பும் வண்டியில் பூக்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் தொழிற்சாலை ஆட்களுமாக நெரிசல். "முந்தே ஹோக்ரி, முந்தே" என்று கத்திக் கத்தி எல்லாரையும் முன்னால் நகர்த்திக்கொண்டே டிக்கெட் கிழிப்பாள். கன்னடத்தில் அதட்டுவாள், தமிழில் சமாதானம் சொல்வாள். இரவில் பாதித் தூக்கம்தான் என்றாலும் வேலையில் குறை வைத்ததில்லை. கிளம்பும்போது மட்டும் ஒரு நிம்மதி இருக்கும். ராத்திரி கழிந்தது, இனி விடிந்துவிடும், குழந்தை பக்கத்தில் அவள் அப்பா இருக்கிறார்.

ஆஷா ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பாசிரியை மரியா மிஸ் நல்ல மாதிரி. ஆஷாவை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பேசினார்.

"காலையில பெஞ்சுல தலைய வச்சிட்டா எழுப்ப முடியல. எழுப்பிட்டா பக்கத்துல இருக்கிற பிள்ளைய அடிக்கிறா, கிள்ளுறா. ஒரு எழுத்து எழுதறதுக்குள்ள பென்சிலைத் தூக்கிப் போட்டுடறா. முன்னாடி இப்படி இல்லையே? வீட்ல நைட் தூங்குறாளா?"

"நல்லா தூங்குவா மிஸ். சாப்பிட்டுப் படுத்தான்னா நாங்க எழுப்புற வரைக்கும் தூங்குவா."

சொல்லிவிட்டு தனா சற்றுத் தயங்கினாள். பிறகு குறட்டையைப் பற்றிச் சொன்னாள். நின்றுபோவதைப் பற்றியும் சொன்னாள். சமீபமாகப் படுக்கையை நனைப்பதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. மரியா மிஸ், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் பார்த்து, டான்சில் பெரிதாக இருக்கிறது, மூக்குக்குப் பின்னால் சதையும் வளர்ந்திருக்கிறது என்றார். அறுப்பதற்கு முன் தூக்கத்தை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குழந்தைகளின் தூக்கக் கோளாறுகளைப் பார்க்கிறவர் டாக்டர் சௌம்யா. சேலத்துக்காரர். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேள்விகள் கேட்டார்.

"தூக்கத்துல மூச்சு நிக்குற மாதிரி இருக்கா?"

"ஆமா மேடம்" என்றாள் தனா.

"இல்ல மேடம்" என்றான் குணசேகர். இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

"தலையில வேர்க்குமா?"

"தலையணை நனைஞ்சிடும்."

"ஃபேனுக்கு நேரா படுக்கமாட்டா மேடம், அதனால."

"கழுத்தை அண்ணாந்து பின்னால வளைச்சுப் படுப்பாளா?"

"அது குழந்தைங்க எல்லாம் அப்படித்தானே மேடம் படுக்கும்?" என்றான் குணசேகர். அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று தனாவுக்குத் தெரியும். படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவன் அவன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் வேற வேற குழந்தையைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு. இது எல்லா வீட்லயும் நடக்கறதுதான். அதனாலதான் அளந்து பார்க்கிறோம்." தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி விளக்கினார். "தூங்கும்போது இங்க வழி அடைச்சுக்குது. மூச்சு கிடைக்காம மூளை பதறி முழிச்சு, வழியைத் திறந்துட்டு, திரும்பத் தூங்கப் போகுது. குழந்தை கண்ணைத் திறக்காது. காலையில கேட்டா அவளுக்கே தெரியாது. நமக்கு அவ ராத்திரி பூரா தூங்கின கணக்கு. அவ மூளைக்கு அப்படி இல்ல, தட்டித் தட்டி எழுப்பிட்டே இருந்த கணக்கு. அதான் பகல்ல தூங்கி விழறா, எரிஞ்சு விழறா."

"எங்க அப்பா மைன்ஸ்ல வேலை செஞ்சாரு மேடம்" என்றாள் தனா. "நெஞ்சுல தூசி. மூச்சு முட்டித்தான் போனாரு. அது ரத்தத்துல வந்திருக்குமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

தனா தலையாட்டினாள். நம்பவில்லை.

பரிசோதனைக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு அங்கே ஒரே ஓர் அறை. வரிசையில் எத்தனையோ பிள்ளைகள். அதுவரை இருக்கட்டும் என்று ஆஷாவின் மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். தூக்கத்தில் எவ்வளவு புரள்கிறாள் என்று அது குறித்துக்கொள்ளுமாம். ஆஷா அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், அப்பா வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் என்று சொல்லிவிட்டாள். ஆளாளுக்குப் பட்டனைத் தேடி அழுத்தியதில் வார் அறுந்து வந்தது. தனா அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது அழுகிற நிலையில் இருந்தாள். அங்கிருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "விடுங்க அக்கா, ஒரு ராத்திரியாவது பதிவாகியிருக்கும்" என்றாள். அந்தப் பேச்சில் தன் ஊர்ச் சாயலைக் கேட்டதும் தனாவுக்கு முகம் மலர்ந்தது.

"நீங்க எந்த ஊரு?"

"கேஜிஎஃப். மாரிக்குப்பம். பேரு கேரல். நீங்களும் அங்கதானே? நீங்க 'இன்னாமா'ன்னு சொன்னப்பவே நெனச்சேன்."

தூக்கத்தை அளக்கும் அறையில் வேலை செய்கிறவள் கேரல்தான்.

அளக்கிற நாள் வந்தபோது குணசேகருக்கு உள்ளே அனுமதி இல்லை, ஒருவர்தான் தங்கலாம். தனா தங்கினாள். ஆஸ்பத்திரி மாதிரி தெரியக்கூடாது என்று சுவரில் மீன்களும் திமிங்கலமும் வரைந்திருந்த அறை. கேரல் ஆஷாவின் சுருட்டை முடியை வகிர்ந்து வகிர்ந்து பசையை வைத்து ஒயர்களை ஒட்டினாள். கண் ஓரத்தில், தாடைக்குக் கீழே, காலில் எல்லாம் ஒட்டினாள். மார்பிலும் வயிற்றிலும் பட்டை. மூக்கில் மெல்லிய குழாய். விரல் நுனியில் சிவப்பு விளக்கு. ஆஷா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"மா, என்னை சார்ஜ் போடப் போறாங்களா?"

கேரல் சிரித்துவிட்டாள். "ஆமாண்டி தங்கம். காலையில ஃபுல் ஆயிடுவ."

பிறகு தனாவை வெளியே கூப்பிட்டாள். சிரிப்பு போயிருந்தது. "அக்கா, ஒண்ணு சொல்லணும். அவ எப்படித் தூங்குறாளோ அப்படியே தூங்கணும். நீங்க தொடக்கூடாது."

"மூச்சு நின்னா?"

"நின்னாலும்."

"ஒருக்களிச்சுப் போடலாம்ல?"

"போட்டீங்கன்னா வழி திறந்துக்கும். நல்லா தூங்குறான்னு மெஷின் எழுதிடும். அப்புறம் டாக்டர் எதை வச்சு முடிவு பண்ணுவாங்க? நான் பக்கத்து ரூம்ல கேமராவுல பார்த்துகினே இருப்பேன். ஆக்ஸிஜன் ரொம்ப இறங்கினா நானே ஓடியாந்துடுவேன். நீங்க மட்டும் கை வைக்காதீங்க."

தனா சரி என்றாள். சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

விளக்கை அணைத்ததும் ஆஷா தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மல்லாந்தாள். குறட்டை ஏறியது, நின்றது. தனாவின் கை தன்னால் நீண்டது. சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கி மெதுவாகப் பேசியது. "அக்கா, வேணாம்." கையை இழுத்துக்கொண்டாள். திணறல் வந்தது, மூச்சு வந்தது. மறுபடி நின்றது. மறுபடி அவள் கை எழுந்தது. "அக்கா" என்றது சுவர். இந்த முறை அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் புரட்டிவிட்டு, புரட்டிவிட்டு, தன் குழந்தை மூச்சு விடாமல் கிடப்பதை முழுசாக அவள் பார்த்ததே இல்லை. அதுவரைக்கும் விட்டதும் இல்லை. இப்போது பார்த்தாள். நெஞ்சுக்குழி உள்ளே போய் எலும்பு தெரிந்தது. வாய் மீன்போலத் திறந்தது. கேமராவுக்குத் தெரியாமல் காலால் கட்டிலை ஓர் உதை உதைக்கலாமா என்று நினைத்தாள். எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். திமிங்கலத்தைப் பார்த்தபடி காதைப் பொத்திக்கொண்டாள். காதைப் பொத்தினால் அடுத்த மூச்சு வந்ததா என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

விடியும்போது கேரல் வந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள். ஆஷா பசை ஒட்டிய தலையைத் தடவிப் பார்த்து, "ஃபுல் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். கேரல் அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பசையைக் கரைத்துவிட்டாள். போகும்போது தனாவின் தோளைத் தொட்டு, "சாரி அக்கா" என்றாள்.

முடிவைப் பார்க்க மூன்று பேருமாகப் போனார்கள். டாக்டர் சௌம்யா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கோடுகள், கோடுகள்மேல் கோடுகள். "இது அவ மூளை, இது மூச்சு, இது ரத்தத்துல ஆக்ஸிஜன். முதல்ல ஆழ்ந்த தூக்கம். இங்க அவ்வளவு மோசமில்ல. இப்படியே வாங்க. இங்க பாருங்க." விரல் திரையின் வலது ஓரத்தில் நின்றது. அங்கே ஆக்ஸிஜன் கோடு ரம்பப் பல்லாக இறங்கி இறங்கி ஏறியது. "இதுதான் அவளுக்குக் கஷ்டமான நேரம். கனவு வர்ற தூக்கம் விடியற்காலையிலதான் அதிகம். அப்போ உடம்பு சுத்தமாத் தளர்ந்துடும். தொண்டைச் சதையும்தான். முன்ராத்திரியில இருக்கிறதைப்போல பல மடங்கு இங்க."

"விடியற்காலையிலயா?" என்றாள் தனா.

"ஆமா."

அந்த நேரத்தில் அவள் பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை. இரவெல்லாம் எழுந்து எழுந்து குழந்தையைப் புரட்டிவிட்டு, ஆபத்து கழிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு போன நேரம் அது. அவள் அத்திபெலேவில் பூக்கூடைக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆஷா இந்த ரம்பப் பல்லில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை வருஷமாகவோ.

குணசேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான். "பக்கத்துலதான் படுத்திருந்தேன் தனா. அவ கை என் மேலதான் இருக்கும்."

"தெரியும்ங்க."

"எனக்குக் கேக்கவே இல்ல."

அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. திட்டினாலாவது ஏதோ செய்தது போல இருக்கும். அவன் டீ டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. "ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவன் மாறிப்போனான். கம்ப்ரசர் பேச்சு நின்றது. தனா கிளம்பும்போது அவனை எழுப்பிவிடுவாள். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான். அவள் வண்டி சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் போன் வரும். "ஒருக்களிச்சுத்தான் இருக்கா" என்பான். சில நாள் போன் வராது. சில்லறை கொடுத்துக்கொண்டே அவள் கண் பையில் கிடக்கும் போன் மேலேயே இருக்கும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பான். பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்கிற ஆள், அவனை என்ன சொல்வது.

மழை தொடங்கும் சமயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஷாவுக்குப் பல நாள் தொண்டை வலித்தது. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள், சாப்பிடத்தான் முடியவில்லை. புண் ஆறியதும் குறட்டை நின்றது. வீட்டில் அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியை தனாவால் தாங்க முடியவில்லை. சத்தம் இருந்தவரை, நிற்கிறது, வருகிறது என்று காதாலேயே கணக்கு வைத்திருந்தாள். இப்போது குழந்தை மூச்சு விடுகிறதா என்று தெரிந்துகொள்ள மூக்கருகே விரலை வைக்க வேண்டியிருந்தது. விரலில் காற்று படும். கையை எடுத்ததும் சந்தேகம் வரும், மறுபடி வைப்பாள்.

ஆனால் பகலில் ஆஷா வேறு குழந்தையாகிவிட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டவள் நான்கு கேட்டாள். படுக்கை நனையவில்லை. மரியா மிஸ் வாசல்வரை வந்து, "வகுப்புல பாட்டுப் பாடுறா உங்க பொண்ணு!" என்றார். தனா முதல்முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஷாவுக்கு முன்னால் அவளே தூங்கிப்போனாள். எழுந்தபோது வெளிச்சம் போயிருந்தது. குணசேகரும் ஆஷாவும் சமையலறையில் சத்தம் போடாமல் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களைத்தான் அவள் பிறகு அடிக்கடி நினைத்துப் பார்ப்பாள்.

குளிர்காலம் வந்தது. ஆஷாவுக்குச் சளி பிடித்தது. சளி போன பிறகும் வாட்டம் போகவில்லை. குறட்டை வரவில்லை, ஆனால் பெஞ்சில் தலை சாய்ந்தது. கிள்ளல் திரும்பியது. மரியா மிஸ் போனில் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுபடி அளக்க வேண்டும் என்றார் டாக்டர் சௌம்யா. மறுபடி வரிசை, மறுபடி மீன்கள் வரைந்த அறை, பசை, ஒயர்கள். இந்த முறை கேரல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. தனா தானாகவே கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னைக்கு நிறையக் குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "முன்ராத்திரி கிட்டத்தட்ட சுத்தம். ஆனா விடியற்காலையில இன்னும் இருக்கு."

"எல்லாத்தையும் எடுத்தாச்சே மேடம்?" குணசேகரின் குரல் உடைந்திருந்தது.

"எடுத்தாச்சு. சில குழந்தைங்களுக்கு எடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். அவ தாடை சின்னது, தொண்டைச் சதை சீக்கிரம் தளருது. வளர வளர சரியாகலாம். ஆகாமலும் போகலாம். இப்போதைக்கு என்னால அதைச் சொல்ல முடியல." டாக்டர் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "அதுவரைக்கும் மாஸ்க் போட்டுப் பார்ப்போம். காற்றை மெல்லத் தள்ளி வழியைத் திறந்தே வச்சிருக்கும்."

மாஸ்க் வந்தது. மூக்கின்மேல் உட்கார்கிற ரப்பர் மூடி, தலையைச் சுற்றிப் பட்டைகள், தும்பிக்கை மாதிரி குழாய், கட்டிலுக்கடியில் உஸ்ஸென்று ஒரு பெட்டி. முதல் நாள் ஆஷா கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரி மேலே வந்துவிட்டாள். பகலில் பழக்குங்கள் என்று கேரல் சொல்லிக்கொடுத்தாள். டிவியில் பொம்மைப்படம் போட்டு, மாஸ்கை மடியில் வைத்து, பிறகு கன்னத்தில், பிறகு மூக்கில். தனா வேலையிலிருந்து வந்து மதியமெல்லாம் இதையே செய்தாள். தானும் ஒரு தரம் மாட்டிப் பார்த்தாள். காற்று மூக்கில் புகுந்து வாய்வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. பேச வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. அதன்பிறகு குழந்தையை அதட்டவில்லை.

வாரங்கள் போனதும் ஆஷா படுக்கும்போது மாட்டிக்கொள்ளப் பழகினாள். மாட்டிக்கொண்டு தூங்கியும் போனாள். எல்லாருக்கும் உயிர் வந்தது.

மாஸ்க் எவ்வளவு நேரம் முகத்தில் இருந்தது என்பதைப் பெட்டி குறித்துக்கொள்ளும். அடுத்த முறை போனபோது டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா போடுறா. தினமும் போடுறா" என்றார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார். "ஆனா பாதி ராத்திரிக்கு அப்புறம் கழட்டிடறா. எல்லா நாளும்."

"அதுக்கப்புறம்தானே மேடம் வேணும்?"

"ஆமாம்மா. அதுக்கப்புறம்தான் வேணும்."

"தூக்கத்துல கழட்டுறா மேடம்" என்றான் குணசேகர். "நான் உக்காந்துதான் இருக்கேன். திரும்ப மாட்டுறேன். மாட்டுனா முழிச்சுக்கிறா. முழிச்சா அழுவுறா. அப்புறம் தூக்கமே இல்ல. மாட்டாம விட்டா மூச்சு நிக்குது. நான் எதைச் செய்யட்டும்?"

"ரெண்டுமே அவ தூக்கத்தைக் கெடுக்குது" என்றார் டாக்டர். "முடிஞ்ச நாள் மாட்டுங்க. ரொம்ப அழுதா விட்டுடுங்க. மேல்தாடையை அகலமாக்க ஒரு கம்பி இருக்கு, பல் டாக்டரைப் பார்க்கச் சொல்றேன். கொஞ்சம் வளரட்டும். லீவு முடிஞ்சதும் இன்னொரு தரம் அளந்து பார்ப்போம்."

"அளந்து இன்னா மேடம் செய்யறது?" என்று தனா கேட்டுவிட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எவ்வளவு இருக்குன்னாவது தெரியும்" என்றார் டாக்டர்.

தனா ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு, சில மாதங்கள் மதிய வண்டியில் போனாள். விடியற்காலையில் வீட்டில் இருந்தாள். இருந்து என்ன, அவள் மாட்டினாலும் ஆஷா கழற்றினாள். குணசேகரைவிட அவள் கை மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மதிய ஷிஃப்டில் வீடு திரும்ப நேரமாகிவிடும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் பார்க்கவே முடியாது. "மா, நீ எப்ப காலை வண்டிக்குப் போவ?" என்று ஆஷா கேட்க ஆரம்பித்தபோது பழையபடி முதல் ஷிஃப்டுக்கே மாறிக்கொண்டாள்.

ஆஷா இப்போது மூன்றாம் வகுப்பு. சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை. எது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. மேல்தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதனால் பேசும்போது சில எழுத்துகள் வழுக்குகின்றன, அதற்குப் பள்ளியில் கேலி செய்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தாயும் மகளும் சிவாஜிநகரில் பஸ் மாற நின்றிருந்தார்கள். நல்ல வெயில். தனா மாஸ்க் இருந்த பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஆஷா துணிக்கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று திரும்பி, "மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு கண்ணு."

"தூங்கும்போது நான் இன்னா தப்பு பண்றேன்?"

தனாவுக்கு முதலில் புரியவில்லை. "தப்பா? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்பா உக்காந்து பாக்குறாரு. நீ பாக்குற. கேரல் ஆன்ட்டி டிவியில பாக்குறாங்க. டாக்டர் கம்ப்யூட்டர்ல பாக்குறாங்க. பாத்துட்டு எல்லாரும் மூஞ்சிய இப்படி வச்சிக்கிறீங்க." உதட்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள். "எனக்கு மட்டும் தெரியல. நீ சொன்னேன்னா நான் அதைப் பண்ணமாட்டேன் இல்ல?"

தொண்டை, சதை, வழி என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லத் தொடங்கி, முதல் வார்த்தையிலேயே தனா நிறுத்திக்கொண்டாள். அவர்கள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் கதவைச் சுற்றி மொய்த்தது. "ஏறு கண்ணு, சீட்டு போயிடும்" என்றாள்.

ஆஷா நகரவில்லை. "சொல்லு மா."

"நீ ஒண்ணும் பண்ணல. தூங்குற, அவ்ளோதான்."

ஆஷா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு பஸ்ஸின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவளுக்குப் பின்னால், பையைக் கூட்டத்தில் நசுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தனாவும் ஏறினாள்.